மகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது

என் மகளுக்கு இரண்டரை வயது நிறைய ஒரு மாதம் இருந்தபோது, நான் ஒருவனாகவே அவளைக் காரைக்காலிலிருந்து பாரிசுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என்னவோ கப்பலைத் தோளில் சுமந்து போனவன் மாதிரி பேசுகிறானே என்று நினைக்கிறவர்கள், அந்த வயசுப் பிள்ளையோடு ஒரே ஒரு முறை இரண்டு விமானம் மாறிப் போய்விட்டு வந்து என்னிடம் பேசட்டும்.

என் மனைவி சொல்தா வீட்டுப் பெண். பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் குடும்பங்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அவள் தாத்தா காலத்திலிருந்தே அவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. நான் சுரக்குடியில் வயலும் வரப்புமாக இருந்த வீட்டில் பிறந்து, காரைக்காலில் ஏசி, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்தவன். கல்யாணப் பத்திரிகை அச்சாகி வருவதற்கு முன்பே ஊர் முடிவு கட்டிவிட்டது. பையன் பெண்ணைக் கட்டவில்லை, பாஸ்போர்ட்டைக் கட்டிக்கொள்கிறான் என்று. கல்யாணப் பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தவரே இதை என் காதுபடச் சொன்னார். பாயசம் நன்றாக இருந்ததால் சும்மா இருந்துவிட்டேன்.

கல்யாணமாகி நான்கு வருஷம் நாங்கள் எங்கேயும் போகவில்லை. மகளுக்கு ஒன்றரை வயதானபோதுதான், பாரிசுக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்து மனைவி கிளம்பினாள். அவள் முதலில் போய் வேலையில் நிலைத்து, ஒரு வீடும் பிடித்த பிறகு நாங்கள் போவதாக ஏற்பாடு. அதுவரை அவளுக்குக் கிடைத்த இடம் உறவுக்காரர் வீட்டு ஹாலில் ஒரு மடக்குக் கட்டில். அங்கே பிள்ளையை வைத்துக்கொள்ள இடமில்லை. வேலைக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆளுமில்லை. லீவுக்கு ஊர் வந்துவிட்டுத் திரும்புகிறவர்களோடு பிள்ளைகளை அனுப்பிவைப்பது எங்கள் பக்கம் சாதாரணமாக நடக்கும். அதனால் கிளம்பும்போது அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“யாரு கூடயும் அனுப்பிடாதீங்க. நீங்களே அழச்சிட்டு வந்து எங்கிட்ட குடுங்க.”

சரி என்றேன். சரி என்று சொல்வது சுலபம். அதற்குப் பின்னால் பதினோரு மாதம் இருந்தது.

அந்தப் பதினோரு மாதமும் நான்தான் அவளுக்கு எல்லாம். குளிப்பாட்டினேன், சோறு பிசைந்து ஊட்டினேன், இரட்டைச் சிண்டு போடக் கற்றுக்கொண்டேன். இடது பக்கச் சிண்டு எப்போதும் கொஞ்சம் மேலே ஏறித்தான் நிற்கும். அது என் கைராசி. காலையில் பைக்கில் முன்னால் உட்கார வைத்து, ஒரு துண்டால் என்னோடு சேர்த்துக் கட்டிக் கடைக்குக் கொண்டுபோவேன். மத்தியானம் ஏசி வந்த அட்டைப்பெட்டிக்குள் பழைய போர்வையைப் போட்டுக் கொடுத்தால் அதில் சுருண்டு தூங்குவாள். பேச்சு வந்தபோது கம்ப்ரசர், கேஸ், ரிமோட் என்கிற வார்த்தைகளெல்லாம் காக்கா, நிலாவுக்கு முன்னாலேயே வந்துவிட்டன.

அம்மா மட்டும் போனில் வருவாள். தினமும் சாப்பாட்டு இடைவேளையில் வீடியோவில் கூப்பிடுவாள். முதலில் பிள்ளை போனுக்கு முத்தம் கொடுத்தது. பிறகு கைகாட்டிவிட்டு ஓடியது. எட்டாவது மாதம் ஒருநாள், அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சின்ன விரலால் சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. நான் மனைவியைத் திரும்பக் கூப்பிட்டேன்.

“அவளுக்கு நான் யாருன்னு தெரியுமாங்க?” என்றாள்.

“தெரியாம என்ன” என்றேன். எனக்கே தெரியவில்லை. அந்தக் கேள்வி அன்றிலிருந்து எனக்குள் ஒரு முள்ளாகவே இருந்தது. பிள்ளையைக் கொண்டுபோவது பெரிதில்லை, கொண்டுபோய் நிறுத்தும்போது அது அம்மாவிடம் போகுமா என்பதுதான் பெரிது.

சுரக்குடியில் இருக்கிற என் அக்காவுக்கு வேறு யோசனை. “நீ மட்டும் போடா. போயி வேலைய பாரு. புள்ள எங்கிட்ட இருக்கட்டும். ரெண்டு வருஷம் கழிச்சு வந்து அழச்சிட்டுப் போ. ஆம்பள ஒருத்தன் இத தூக்கிட்டு ஏரோப்ளேன்ல போறதாவது!” அக்கா பாசத்தில்தான் சொன்னாள். ஆனால் ‘ஆம்பள ஒருத்தன்’ என்று சொன்னதும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அந்த ஆம்பளைதான் பதினோரு மாதமாகச் சிண்டு போட்டுக்கொண்டிருந்தான் என்பது அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் அக்காவோடு பேசவில்லை.

பேப்பர் வேலை தனிக் கூத்து. காரைக்கால் ஆஸ்பத்திரியில் பிறந்து, காரைக்கால் தண்ணீர் குடித்து வளர்ந்த என் மகள், அம்மா வழியில் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வந்ததும் வெளிநாட்டுக்காரி ஆகிவிட்டாள். அவள் தன் சொந்த ஊரைவிட்டுக் கிளம்ப அனுமதி வாங்க நான் அலைந்தேன். அவளுடைய பாஸ்போர்ட் மெரூன் நிறம், என்னுடையது கருநீலம். இரண்டையும் ஒரே கவரில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

தேதி முடிவானதும் வந்தன பொட்டலங்கள்.

எங்கள் ஊரிலிருந்து பிரான்சுக்குப் போகிற யாரும் தன் சாமானோடு மட்டும் போனதாகச் சரித்திரம் இல்லை. பயணத் தேதி யார் வாயிலிருந்தோ கசிந்துவிடும். அப்புறம் தெருவுக்கு ஒரு பொட்டலம் வரும். வெங்காய வடகம், மோர் மிளகாய், கருவாடு, கறிவேப்பிலைப் பொடி, யாருக்கோ மூக்குக் கண்ணாடி, யாருக்கோ மூட்டுவலித் தைலம். கைக்குழந்தைக்காரன் என்று யாரும் தயவு பார்க்கவில்லை. நானும் வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். சொன்னால், இன்னும் ஃப்ளைட்டே ஏறவில்லை, அதற்குள் பிரான்ஸ்காரன் ஆகிவிட்டான் என்பார்கள். பாஸ்போர்ட்டைக் கட்டிக்கொண்டவன் என்று ஏற்கெனவே பட்டம் வாங்கியவன் நான். இன்னொரு பட்டம் வேண்டாமென்று வந்ததையெல்லாம் வாங்கி வைத்தேன். என் வீம்புதான், வேறென்ன.

கடைசியாக வந்தவர் கிளிஞ்சல்மேட்டு அக்கா. மீன் ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் கருவாடு போடுகிறவர். அவர் வீட்டு ஐஸ் பெட்டி பழுதானால் நான்தான் போய்ப் பார்ப்பேன். அவருடைய மகளைப் பிரான்சில் கட்டிக்கொடுத்திருந்தது. என் மனைவி இருக்கிற ஊருக்குப் பக்கத்து ஊர்தான். ஒரு துணிப் பொட்டலத்தை நீட்டினார். நாலு பக்கமும் ஊசி நூலால் இழுத்துத் தைத்திருந்தது. வலை பின்னுகிற வீட்டுத் தையல். காற்றுகூடப் புகாது.

“தம்பி, பேத்திக்கு மூணு வயசு முடியிது. பட்டுப்பாவாட, சட்ட. நானே பாத்து எடுத்துத் தச்சது. இத மட்டும் பெரிய பெட்டியில போட்றாத. கையிலயே வச்சிக்க. பெட்டி காணாம போனாலும் இது போய்ச் சேரணும்.”

“சேத்துர்றேங்க்கா” என்றேன்.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். பெரிய பெட்டிகள் இரண்டும் ஊர்ச் சாமானால் நிரம்பிப் பிதுங்கின. தோள்பையில் பிள்ளைக்கு நாலு செட் மாற்றுத் துணி வைத்திருந்தேன். பட்டுப்பாவாடைப் பொட்டலம் அதில் நுழையவில்லை. உள்ளே இருந்ததில் இரண்டு செட்டை எடுத்துப் பெரிய பெட்டியில் செருகினேன். இரண்டு செட் போதாதா, அங்கே போய் இறங்கினால் அம்மா இருக்கிறாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஊர் உலகத்துப் பொருளுக்கெல்லாம் இடம் இருந்தது, பெற்ற பிள்ளையின் ஜட்டிக்கு இடமில்லை.

முந்தின நாளே சென்னைக்கு வந்து தங்கிவிட்டுக் காலையில் விமான நிலையம் போனோம். குடியேற்ற அதிகாரி என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், என் பின்னால் பார்த்தார்.

“அம்மா எங்க?”

“பாரிஸ்ல இருக்காங்க சார். அங்கதான் கொண்டுபோறேன்.”

“நீங்க மட்டுமா?”

“நான் மட்டுந்தான் சார்.”

மனைவி கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடிதத்தையும் அனுமதிப் பேப்பரையும் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு வரியாக வாசித்தார். அந்த நேரத்தில் என் மகள் அவர் மேஜைக்கு மேலே இருந்த ஏசியை அண்ணாந்து பார்த்துவிட்டு, “அப்பா, கேஸ் இல்ல” என்றாள் சத்தமாக. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் நிமிர்ந்து அந்த ஏசியைப் பார்த்தார். “ஆமா, ரெண்டு நாளா கூலிங் இல்ல” என்று சொல்லிக்கொண்டே முத்திரை குத்தினார். என் பிள்ளை சத்தத்தை வைத்தே சொல்லிவிட்டது என்று நான் இன்றைக்கும் சாதிக்கிறேன். வருகிற ஏசிக்கெல்லாம் அவள் அதைத்தான் சொல்வாள் என்பது வேறு விஷயம்.

முதல் விமானத்தில் பெல்ட் போட்டதும் அழுகை ஆரம்பித்தது. இரண்டு வயது முடிந்துவிட்டால் பிள்ளைக்குத் தனி சீட். அந்த சீட்டில் கடைசிவரை உட்கார்ந்தது என் தோள்பைதான். அவள் என் மடியில், என் தோளில், என் காலடியில், நடைபாதையில். முன்னும் பின்னுமாக எத்தனை நடை நடந்தோம் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு வரிசையிலும் நின்று ஆட்களுக்கு வணக்கம் வைத்தாள். பின் வரிசையில் இருந்த ஒரு அம்மாள் என்னிடம் பரிதாபமாக, “பாவம், அம்மா இல்லையா?” என்று கேட்டார். “இருக்காங்க, ஜோரா இருக்காங்க” என்றேன் கொஞ்சம் வெடுக்கென்று. ஆப்பிள் ஜூஸ் கொட்டிப் போட்டிருந்த துணி நனைந்ததில், மாற்றுத் துணியில் முதல் செட் செலவாயிற்று.

வளைகுடாவில் விமானம் மாற வேண்டும். அங்கே கழிவறை தேடி ஓடி, போய்ச் சேர்வதற்குள் டயப்பர் தாண்டி எல்லாம் ஆகிவிட்டது. ஆண்கள் கழிவறையில் பிள்ளைக்குத் துணி மாற்றப் பலகை இல்லை. என் துண்டைத் தரையில் விரித்து, முட்டி போட்டு, அவளைச் சுத்தம் செய்து இரண்டாவது செட்டைப் போட்டுவிட்டேன். கைகழுவ வந்த பெரியவர் ஒருவர் ஒன்றும் பேசாமல் என் பக்கத்தில் குழாயைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். எந்த ஊர்க்காரரோ, மகராசன்.

இரண்டாவது விமானத்தில் நன்றாகத் தூங்கினாள். இனி கவலை இல்லை என்று நானும் கண்ணை மூடினேன். இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது எழுந்து உட்கார்ந்தாள், என்னை ஒரு மாதிரி பார்த்தாள், சாப்பிட்டது அத்தனையையும் தன்மேலும் என்மேலும் எடுத்தாள். தலையிலிருந்து காலுறை வரைக்கும் எதுவும் தப்பவில்லை. கழற்றி வைத்திருந்த அவள் ஸ்வெட்டர் மட்டும் பிழைத்தது.

அவளையும் தோள்பையையும் தூக்கிக்கொண்டு கழிவறைக்கு ஓடிக் கழுவிவிட்டேன். இப்போது என் கையில் மிச்சம் இருந்தது ஒரு டயப்பரும் ஒரு ஸ்வெட்டரும்தான். போட்டுவிட வேறு துணி இல்லை. வெளியே பாரிசில் குளிர் காலம் முடிந்தும் முடியாத மார்ச் மாதம். விமானத்துப் போர்வையைச் சுற்றினால் உதைத்துத் தள்ளினாள். பதினோரு மாதம் கழித்து அவள் அம்மாவிடம் நான் கொடுக்கப்போவது இந்தக் கோலத்திலா? அக்கா சொன்ன ‘ஆம்பள ஒருத்தன்’ காதில் கேட்டது. அப்போதுதான் தோள்பையில் இருந்த துணிப் பொட்டலத்தின் மேல் என் கண் போனது.

நம்பிக் கொடுத்த பொட்டலத்தைப் பிரிப்பது எங்கள் ஊரில் சின்னக் குற்றம் இல்லை. கருவாட்டில் ஒரு துண்டு குறைந்தால்கூட இரண்டு நாட்டிலும் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவன் கையில் பிறகு யாரும் ஒரு கடுதாசிகூடக் கொடுக்க மாட்டார்கள். நான் கொஞ்சம் யோசித்தேன். உண்மையைச் சொன்னால் ரொம்ப யோசிக்கவில்லை. பிள்ளைக்கு உதடு நடுங்க ஆரம்பித்திருந்தது.

கத்தி, கத்தரிக்கோல் எதுவும் விமானத்தில் கிடையாது. அந்தக் கிளிஞ்சல்மேட்டுத் தையலைப் பல்லால் கடித்தேன். ஒரு பக்கத்தைப் பிரிப்பதற்குள் ஈறில் ரத்தம் வந்துவிட்டது. உள்ளே கிளிப்பச்சைப் பாவாடை, அரக்குச் சிவப்பில் பட்டையான கரை, அதே சிவப்பில் புட்டாக் கை வைத்த சட்டை. புதுப்பட்டு வாசனை. கதவுக்கும் வாஷ்பேசினுக்கும் நடுவில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு அவளுக்குக் கட்டிவிட்டேன். நீளம் அதிகமாக இருந்தது, இடுப்பில் இரண்டு மடிப்பு மடித்துச் செருகினேன். அவள் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். அழுகை நின்றது. கதவைத் திறந்ததும் ராணி மாதிரி நடைபாதையில் இறங்கி நடந்தாள். என் சட்டை நாறிக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியவே இல்லை, அவ்வளவு அழகாக இருந்தாள் என் மகள்.

பாரிசில் பாஸ்போர்ட் பார்க்கிறவரிடம் பேசுவதற்கு நான் ஊரிலேயே நாலு பிரெஞ்சு வாக்கியம் மனப்பாடம் செய்திருந்தேன். இவள் என் மகள், இவள் அம்மா வெளியே காத்திருக்கிறாள், கடிதம் இருக்கிறது, நன்றி. நாலையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் பதிலுக்கு ஐந்தாவதாக ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். கேட்டதை அப்படியே விட்டுவிட்டார். என் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார். அவளுடையதைச் சும்மா திறந்து பார்த்துவிட்டுக் கொடுத்தார். சொந்த நாட்டுக்கு வருகிறவளுக்கு முத்திரை எதற்கு. வீட்டுக்காரி அவள், கூட வந்த விருந்தாளி நான். பாயசம் ஊற்றியவர் பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன், இந்தப் பாஸ்போர்ட்டை நான் கட்டிக்கொள்ளவில்லை ஐயா, பெற்றேன் என்று.

மனைவி தடுப்புக் கம்பிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கறுப்புக் கோட்டு, கழுத்தில் துணி. இளைத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் கம்பியைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். வந்தவள் பிள்ளைக்கு நேராகக் கையை நீட்டினாள்.

பிள்ளை என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. என் காலரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

மனைவியின் கைகள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, மெல்லக் கீழே இறங்கின. பிறகு பாவாடைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்த பாதத்தை மட்டும் தொட்டாள். பிள்ளை அதையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் எனக்குள்ளே ஒரு கெட்ட சந்தோஷம் எட்டிப் பார்த்தது. இவளுக்கு நான்தான் வேண்டும், என்னை விட்டுப் போகமாட்டாள் என்று. எதிரே நின்றவளின் முகத்தைப் பார்த்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது.

“பரவால்லங்க” என்றாள் அவள். “அவளுக்கு நான் புதுசு. மெதுவா வரட்டும்.” பிறகு பாவாடைக் கரையைப் பார்த்தாள். அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள். “இவ்ளோ தூரம் பட்டுப்பாவாட கட்டி, அலங்காரம் பண்ணி அழச்சிட்டு வந்திருக்கீங்க…”

நான் வாயைத் திறக்கவில்லை. வாராது வந்த பாராட்டு, எதற்குக் கெடுப்பானேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகு மனசு கேட்கவில்லை. ஜூஸ், டயப்பர், வாந்தி, பல்லால் கடித்தது எல்லாவற்றையும் சொன்னேன்.

“கிளிஞ்சல்மேட்டு அக்காவோடதா? போச்சு!” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். எதிர் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை என் தோளிலிருந்து தலையைத் தூக்கி, யார் இந்தச் சிரிக்கிற ஆள் என்பதுபோல அவளையே பார்த்துக்கொண்டு வந்தது. ஆனாலும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளிஞ்சல்மேட்டு அக்காவின் மகள் பொட்டலத்தை வாங்க வந்தார். பாவாடையை நனைக்காமல் முடிந்தவரை துடைத்து, காற்றில் உலர்த்தி மடித்து வைத்திருந்தோம். நான் நின்றுகொண்டே, ஸ்கூலில் மாட்டிக்கொண்டவன் மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உடனே அம்மாவுக்கு வீடியோ போட்டு என்னிடம் நீட்டிவிட்டார். நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

“பிரிச்சிட்டியா?” என்றார் கிளிஞ்சல்மேட்டு அக்கா. முகம் மாறிவிட்டது. “எத வச்சிப் பிரிச்ச?”

“பல்லால கடிச்சேங்க்கா. ரத்தமே வந்துருச்சி.”

“அதானே! என் தையலு சும்மா வந்துருமா?” என்றார். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. “நனஞ்ச புள்ளைக்குத்தானப்பா கட்டுன. கட்டிக்கட்டும். நம்ம புள்ளதான். ஆனா ஒண்ணு, அடுத்த தடவ உன் புள்ள துணிய எடுத்துட்டு என் துணிய வைக்காத. கேக்குறதுக்கே அசிங்கமா இருக்கு.” இரண்டு நாட்டுக்கும் நடுவில் எனக்கு விழுந்த திட்டுகளிலேயே நியாயமான திட்டு அது.

என் மனைவி மட்டும் அவசரப்படவில்லை. பிள்ளை என் நெஞ்சில்தான் படுத்தது, என் கையால்தான் சாப்பிட்டது. நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அழுதது. அவள் ஒருநாளும் இழுத்து வைத்துக் கொஞ்சவில்லை. அம்மாகிட்ட வா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வேலை முடிந்து வந்ததும் தரையில் உட்காருவாள். சின்ன ஆரஞ்சு ஒன்றை உரித்து, நார் எடுத்து, சுளைகளை ஒரு தட்டில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தபடி தானும் ஒன்றைத் தின்பாள். முதல் இரண்டு நாள் பிள்ளை கிட்டே வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு சுளையை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்து தின்றது. அப்புறம் அங்கேயே நின்று தின்றது. அதற்கடுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து தின்றது. முதியோர் இல்லத்தில் சாப்பிட அடம்பிடிக்கிறவர்களிடம் இப்படித்தான் செய்வாளாம். ஒரு வருஷத்தில் இவ்வளவு பொறுமையை இவள் எங்கே கற்றாள் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மடக்குக் கட்டிலில் படுத்து, யார் யாருக்கோ ஊட்டிவிட்டு, எங்களுக்காக இந்த வீட்டைப் பிடித்திருக்கிறாள். இவளைக் கட்டியதற்கு ஊர் எனக்கு என்ன பட்டம் வேண்டுமானாலும் கொடுக்கட்டும்.

பதினோராம் நாள் அவளுக்கு லீவு. வெயில் அடித்தது. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பூங்காவுக்கு மூன்று பேரும் போனோம். மனைவி பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் புல்வெளியில் பிள்ளைக்குக் கூடவே நடந்தேன். அங்கே ஒரு சரிவு உண்டு. பிள்ளை மேலே ஏறுவதும் இறங்கி ஓடிவருவதுமாக இருந்தது. ஒரு தடவை வேகத்தில் கால் பின்னி, கற்கள் பரப்பிய பாதையில் முட்டி தேய விழுந்தது.

நான் நாலு எட்டில் இருந்தேன். சட்டென்று குந்தி, இரண்டு கையையும் விரித்தேன். பதினோரு மாதமாக எத்தனை விழுதல், எத்தனை சிராய்ப்பு, எல்லாம் இந்தக் கைக்குள்தான் வந்து அழுதிருக்கின்றன. பிள்ளை எழுந்தது. வாய் கோணியது. என்னை நோக்கி ஓடிவந்தது. என் தோளில் இடித்துக்கொண்டு, என்னைத் தாண்டிப் போய்விட்டது.

“அம்மா…”

திரும்பிப் பார்த்தேன். பெஞ்சிலிருந்து எழுந்து நிற்கக்கூட அவளுக்கு நேரம் இருக்கவில்லை. பிள்ளை அவள் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அந்தத் தலையில் வாயை வைத்தபடி, “இருக்கேன்டி, இருக்கேன்டி” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நான் விரித்த கையோடு குந்தியிருந்தேன். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஷூ லேசைக் கட்டுகிறவன் மாதிரி குனிந்துகொண்டேன். வலித்தது. ரொம்பவே வலித்தது. அந்த வலி இருக்கும்போதே, இந்தப் பிள்ளையை இங்கே கொண்டுவந்து சேர்த்தது நான் என்று உடம்பு முழுக்க ஒரு பெருமை ஏறியது. வாழ்க்கையில் எனக்கு அப்படி ஒரு பெருமை வந்ததில்லை.

எழுந்து அவர்களிடம் போனேன். முட்டியில் ரத்தம் பொட்டுப் பொட்டாக நின்றது. துடைத்துவிடலாம் என்று கைக்குட்டையை எடுத்துக் குனிந்தேன். பிள்ளை அழுகையை நிறுத்தி, என் கையைப் பட்டென்று தட்டிவிட்டது.

“நீ வேணாம். அம்மா.”

மனைவி பதறிப்போய், “ஏய், அப்பாவ அப்படிச் சொல்லக் கூடாதுடி” என்றாள். கைக்குட்டையை அவள் கையில் கொடுத்தேன்.

“விடு. நீயே தொடச்சிடு” என்றேன்.